எலிகளின் மன அமைதி கருதி

பெண்ணினத்தின் நலனுக்காகப் பாடுபட்டவர்களின் பட்டியல் என்று ஒன்று எழுதப்பட்டால், வேங்கிக்காலில் உள்ள ஒரு தனியார் கல்லூரியின் விலங்கியல் துறைத் தலைவர் திருமலையின் பெயர் முதல் வரியிலேயே வந்தாக வேண்டும். அந்தப் பெண்களுக்கு வால் இருந்தது என்பது ஒரு சிறிய விவரம்தான்.

மொத்தம் பன்னிரண்டு வெள்ளை எலிகள். மூளைக்கு அடியில் கடுகளவு இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ஹார்மோனை அனுப்பினால்தான் சினைப்பையில் முட்டை முதிரும். மனம் கலங்கினால் அந்தத் ‘தலைமை அலுவலகம்’ உத்தரவு அனுப்பாது. சினைப்பை வேலைநிறுத்தத்தில் இறங்கிவிடும். இதை நிரூபிப்பதுதான் அவருடைய ஆய்வு. ஆகவே பௌர்ணமிதோறும் கிரிவலக் கூட்டத்தின் சத்தம் எலிகளின் காதில் விழாதபடி, திருமலை தம் கையாலேயே ஜன்னல்களுக்குக் கம்பளி கட்டினார். அதே பௌர்ணமியில் பஸ்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் ஆய்வு மாணவி அபிநயா மிச்ச தூரத்தை நடந்தே வந்து, ஒன்பது மணிக்கு எலிகளைச் சோதித்துவிடுவாள்.

அபிநயாவுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்துக்கொள்ள ஒரு மாத விடுப்பு கேட்டிருந்தாள்.

“டாக்டர் என்னம்மா சொன்னாங்க?”

“ஹார்மோன் கம்மியா இருக்காம் சார். டென்ஷன் ஜாஸ்தியாம். நேரத்துக்குத் தூங்கணும், அலையக்கூடாதுன்னாங்க.”

திருமலைக்குப் பெருமை பிடிபடவில்லை. “நம்ம கட்டுரைய படிச்சிருக்காங்கம்மா.”

“லீவு, சார்?”

“நீ போனா வேற கை தொடணும். புதுக் கை பட்டா எலிங்க பயந்துடும். ஒரு பொம்பளையா நீயே யோசிச்சுப் பாரு.”

‘எலிகளின் மன அமைதி கருதி நிராகரிக்கப்படுகிறது’ என்று அவளுடைய விடுப்பு மனுவில் அவர் கனத்த மனத்தோடு எழுதினார்.

மறுவாரம் அபிநயா ஒரு படிவத்தை அவர் மேசையில் வைத்தாள். நலம் குன்றிய எலியை ஆய்விலிருந்து விடுவிக்கும் படிவம் அது. எண் பதிமூன்று. எடை குறைவு, தூக்கம் இல்லை, மூன்று மாதமாகச் சினைச் சுழற்சி தவறுகிறது.

திருமலைக்குக் கண் கலங்கிவிட்டது. “மூணு மாசமா யாருமே கவனிக்கலையா? வாயில்லா ஜீவன்மா. இது கொடுமை.”

ஒரு மாத முழு ஓய்வு, தனி அறை, சத்தான உணவு என்று அரை நிமிடத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். பிறகுதான் கணக்கு உதைத்தது.

“நம்மகிட்ட பன்னெண்டுதானே இருக்கு?”

“பதிமூணாவது நான்தான் சார்.”

அவர் அவசரமாகக் கை நீட்டினார். அதற்குள் அபிநயா படிவத்தை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

“இது எலிக்குண்டானதும்மா. மனுஷிக்குச் செல்லாது.”

“மனுஷின்னு எழுதித்தான் சார் முதல்ல குடுத்தேன்.”