நீலமேகம் பிடித்த நாலாவது இடம்

ஒரு காட்டில், கோரைப்புல் மண்டிய குளம் ஒன்று இருந்தது. அதில் ஒரு தண்டு நீலமேகம் என்ற ஊசித்தட்டானுடையது. எப்படி அவனுடையது என்றால், அதில் அவன் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். அந்தக் குளத்து வழக்கம் அது. வேறொருவன் வந்தால் முகத்துக்கு முகம் பறந்து இறக்கையை விரித்துக் காட்ட வேண்டும். முதலில் மூச்சு வாங்குகிறவன் இடத்தைக் காலி பண்ண வேண்டும்.

நீலமேகம் விடிந்ததிலிருந்து பதினோரு பேரை விரட்டிவிட்டான். சங்கிலி என்கிற தண்டில்லாத தட்டான் மட்டும் மூன்று தடவை வந்து போனான். உச்சிவெயிலில் தெய்வானை என்ற பெண் தட்டான் வருகிறாள். நல்ல தண்டு வைத்திருப்பவனைத்தான் கட்டிக்கொள்வாள், அந்தத் தண்டில்தான் முட்டை வைப்பாள். அதுவரை உடம்பு தாங்க வேண்டுமே!

"ஒரு பட்டா வாங்கிப் போடுங்கண்ணே. அப்புறம் எவன் வாலாட்டுவான்?" என்றது நீர்ப்பூச்சி.

சரியென்று பறந்தான். கரைமேல் சிமெண்டுத் தரையில் நத்தை அதிகாரியின் அலுவலகம். ஜன்னல் முன்னால் ஆமை, நண்டு, தவளை. நாலாவதாக நின்றான். தவளைக்கு அன்று விரதம். இல்லாவிட்டால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

பின்னால் வந்த வெட்டுக்கிளி லேசாக எட்டிப் பார்த்தது. நீலமேகத்துக்குச் சுருக்கென்றது. இறக்கையை விரித்தான்.

"ஏய், இது என் இடம்!"

"சும்மா எட்டிப் பார்த்தேம்ப்பா."

"என் இடத்துல என்ன எட்டிப் பார்க்கிற?"

வெட்டுக்கிளி மிரண்டு பின்வாங்கியது. இவனுக்கு உடம்பெல்லாம் தெம்பு ஏறியது.

ஆமை வேலை முடிந்து போனது. நண்டு போனது. தவளையும் போனது.

"அடுத்து! யோவ், உன்னைத்தான். முன்னாடி வாய்யா," என்றது நத்தை.

"வந்தா இந்த இடத்தை இவன் பிடிச்சுக்குவான் சார்!"

"பிடிக்கட்டுமே! கையெழுத்து போட வேணாமா?"

"அதெப்படி சார் விடுவேன்?"

வெட்டுக்கிளி அவனைச் சுற்றிக்கொண்டு போய் வேலையை முடித்தது. அப்புறம் வந்தவர்களும் அப்படியே.

உச்சிவெயில் வந்தது. தெய்வானையும் தேடிக்கொண்டு வந்தாள்.

"இங்க என்ன பண்றீங்க? உங்க தண்டுல சங்கிலி உட்கார்ந்திருக்கான்."

"அதை விடு புள்ள. இதைப் பாரு, நாலாவது இடம்! ஒருத்தனும் கிட்ட வரலை."

தெய்வானை வால் நுனியால் தரையைத் தட்டிப் பார்த்தாள். 'டக்' என்றது.

"தண்ணியே இல்லையே. முட்டைய எங்க வைக்கிறது?"

"தண்ணிதான் இல்ல. ஆனா ஃபேன் காத்து வருது."

அவள் சங்கிலியிடம் பறந்துவிட்டாள். நத்தை ஜன்னலைச் சாத்தியது. யாருமே இல்லாத வராந்தாவில், இறக்கையை விரித்தபடி, நீலமேகம் நாலாவதாக நின்றான்.

நீதி: வரிசையில் நல்ல இடம் கிடைத்தவர்கள், ஜன்னல் வரைக்கும் போய் அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.