மாமியார் ஏற முடியாத வண்டி

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு வண்டி இருந்ததாம். வண்டிக்கு ஒரு டிரைவராம். டிரைவருக்கு ஒரு பொண்டாட்டியாம். பொண்டாட்டிக்கு ஒரு அம்மாவாம். அந்த அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏதாவது ஒரு ஊரில் விசேஷமாம்.

ஊர் திண்டுக்கல். டிரைவர் நான்தான், பிரின்ஸ். வாரத்தில் ஆறு நாள் நத்தம் தோப்புகளிலிருந்து என் பிக்கப் வண்டியில் மாங்காய் ஏற்றுவேன். ஏழாம் நாள் ஆண்டவரே ஓய்வெடுத்தார். நான் மாமியார் செபஸ்தியம்மாளையும் அவர் வகையறா பதினோரு பேரையும் ஏற்றுவேன். காதுகுத்து, ஞானஸ்நானம், சடங்கு, புது வீடு மந்திரிப்பு. முடியாது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் என் குரல் பக்கத்தில் நிற்கிறவருக்கே தபாலில்தான் போய்ச் சேரும்.

2005-ல், மாங்காய் சீசன் முடியப்போகிற நேரத்தில் ஒரு முடிவெடுத்தேன். வாயால் சொல்ல முடியாததை வண்டியால் சொல்லிவிடுவது. பேகம்பூரில் பட்டறை வைத்திருக்கும் மைதீன் பிச்சை பாயிடம் போய், வண்டியை முக்கால் அடி உயர்த்திக்கொண்டு வந்தேன். உயர்த்திய பிறகு நானே கதவைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறினேன். மனசு குளிர்ந்தது.

"எதுக்குங்க இம்புட்டு உசரம்?" என்றாள் என் மனைவி ஐரின்.

"தோப்புப் பாதையில அடி தட்டுது."

"தட்டும், தட்டும்."

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

அந்த ஞாயிறு அத்தை வந்தார். ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். மறு காலைத் தூக்கிப் பார்த்தார். இரண்டையும் சேர்த்துத் தூக்க வழியில்லாமல் ஆட்டோவில் போனார். நான் மத்தியானம் வரை தூங்கினேன். கனவில்கூட யாரும் ஏறவில்லை.

ஒரே ஒரு குறை. உயர்த்தியதிலிருந்து வண்டி வளைவில் எல்லாம் சாய்ந்து ஆடியது. நத்தம் ரோட்டுத் திருப்பம் ஒன்றில் நாலு கூடை மாங்காய், ஊர் வந்துவிட்டது என்று நினைத்துத் தானாகவே இறங்கிக்கொண்டது.

பாய் குனிந்து காட்டினார். "குறுக்க ஒரு கம்பி போகுதுல்ல தம்பி, அதுதான் வண்டியச் சாய விடாமப் புடிக்கிறது. கம்பியையும் அச்சையும் சேக்குறதுக்கு ரெண்டு பக்கமும் லிங்க்கு உண்டு. வண்டி உசந்துருச்சு, லிங்க்கு எட்டல. அதான் கழட்டி வச்சிருக்கேன். நீளமா ரெண்டு போட்டா ஆடாது."

"போடுங்க பாய்."

"மதுரையிலருந்து வரணும். வந்ததும் வீட்டுக்கே வந்து மாட்டித் தாரேன்."

வந்தார். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து நான் பாயை விரித்த நேரத்தில் பாய் வந்தார். ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டு லிங்க்கையும் மாட்டினார். நட்டை இறுக்காமலே ஜாக்கியை இறக்கிவிட்டார்.

"இறுக்கலையா பாய்?"

"அந்தரத்துல வச்சு இறுக்குனா ரப்பர் புஷ்ஷு முறுக்கிக்கிட்டு ஒரே மாசத்துல கிழிஞ்சுரும். சக்கரம் தரையில நிக்கணும். எப்பவும் ஏத்துற லோடு மேல இருக்கணும். அப்புறந்தான் இறுக்கு."

"மாங்காய்தான் முடிஞ்சு போச்சே. மணல் மூட்டை போடுவோமா?"

காபி கொண்டுவந்த ஐரின் நின்றாள். "மணலு வாயத் தொறந்து பேசுமா? ஆடுதா ஆடலையான்னு யாரு சொல்றது? எம்புட்டு லோடு வேணும் பாய்?"

"ஒரு எழுநூறு கிலோ இருந்தா நல்லது தங்கச்சி."

"அப்ப பன்னெண்டு பேரு," என்றாள், யோசிக்காமலே. உள்ளே போய் போனைச் சுற்றினாள்.

பத்தே நிமிஷம். அத்தை பட்டுச் சேலையில் வந்தார். பின்னால் பூவும் பவுடருமாகப் பதினோரு பேர். கடைசியாக அவருடைய அண்ணன் சூசைமாணிக்கம், தோளில் ஒரு மர ஏணியோடு. திருவிழாவில் சப்பரத்தின் மேல் மாதா சுரூபத்தை ஏற்றிவைக்கிற ஐந்து படி ஏணி. கோயில் சாமான் அறைச் சாவி அவரிடம்தான் இருக்கிறது.

ஏணியைச் சாத்தினார்கள். அத்தை ஏறினார். உச்சியில் நின்று தெருவை ஒரு பார்வை பார்த்தார். எதிர்வீட்டுக்காரர் தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டார்.

"எனக்கு இடுப்பு புடிச்சிருக்கு தம்பி, நீங்களே அடியில போங்க," என்று பாய் ஸ்பேனரை என் கையில் கொடுத்தார்.

போனேன்.

"மாப்ள, இறுக்கியாச்சா?"

"செத்த நேரம் அசையாம இருங்க அத்தை."

"நாங்க எங்க அசையிறோம். முறுக்குல்ல திங்கிறோம்."

துரு தின்ற ஓட்டை வழியாக முறுக்குத் தூள் என் கண்ணில் விழுந்தது. ஒரு கண்ணாலேயே நாலு நட்டையும் இறுக்கினேன்.

"முடிஞ்சுது. எல்லாரும் இறங்கலாம்," என்றேன். தபால் போய்ச் சேரவில்லை.

ஐரின் குரல் கேட்டது. "இறுக்கிட்டா அம்புட்டுத்தானா பாய்?"

"இல்ல தங்கச்சி. இதே லோடோட ஒரு முப்பது, நாப்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி ஒருக்கா இறுக்கணும்."

"கன்னிவாடி போய்ட்டு வந்தா வருமா?"

"அளவெடுத்த மாதிரி வரும்."

"நல்லதாப் போச்சு. அங்கதான் எங்க சின்ன மாமா பேத்திக்கு ஞானஸ்நானம்."

இதைக் கேட்டபோது நான் வண்டிக்கு அடியில் கிடந்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து எனக்கு அங்கேதான் இடம்.

கன்னிவாடி வரை வண்டி ஒரு வளைவிலும் ஆடவில்லை. அதுதான் பெரிய வேதனை. ஆடியிருந்தால் ஒருவராவது வாந்தி எடுத்திருப்பார்.

சாயங்காலம் திரும்பி வந்ததும், லோடு மேலே இருக்கும்போதே நான் மறுபடி அடியில் போய் நட்டை இறுக்கினேன். பிறகு ஏணியைச் சாத்தி ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

"அலுங்காமக் குலுங்காம வந்துச்சு மாப்ள. அடுத்த ஞாயிறு தாடிக்கொம்புல காதுகுத்து," என்றார் அத்தை. பன்னிரண்டு பேரும் கிளம்பினார்கள். ஐரின் பாத்திரம் கழுவ உள்ளே போனாள்.

பாய் மறுபடி வந்திருந்தார். ஸ்பேனரைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் காதருகே போய்ச் சொன்னேன்.

"பாய், வண்டியப் பழையபடி இறக்கிருங்க. அவுக எப்படியும் ஏறிடுறாக. எனக்காவது ஏறச் சுளுவா இருக்கும்."

பாய் ஸ்பேனர்களைத் துணியில் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார்.

"இறக்கவா? இன்னும் மூணு இஞ்சு உசத்தச் சொல்லி, அதுக்கேத்த லிங்க்குக்கும் தங்கச்சி இப்பத்தான் சொல்லிட்டுப் போச்சு தம்பி. மேல உக்காந்தா சிறுமலை வரைக்கும் தெரியுதாம் உங்க அத்தைக்கு," என்று சொல்லிவிட்டு நடந்தார்.