சைட் ஸ்கிரீன் ஓட்டியவன்

எனக்குக் கிரிக்கெட் தெரியாது. தெரியாத விஷயமென்றால் ஒதுங்கி நிற்கிற ஆளும் நான் இல்லை. (தெரிந்த விஷயங்களில்தான் ஒதுங்கி நிற்பேன், அங்கே வேலை கொடுத்துவிடுவார்கள்.)

கல்யாணமாகி மூன்று மாதம். மாமனார் வீட்டில் என்னை இன்னும் விருந்தாளியாகத்தான் வைத்திருந்தார்கள். மச்சினன் பாபுவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மேட்ச். தேர்வாளர் வருகிறார், நன்றாக ஆடினால் மாவட்ட அணியில் இடம். இதில் என் கையும் பட்டு அவன் உள்ளே போய்விட்டால், அந்த வீட்டில் நானும் ஒரு ஆள் என்று நினைத்தேன்.

எங்கள் ஸ்டேடியம் கபடி, ஓட்டப்பந்தயம், குடியரசு தின அணிவகுப்பு எல்லாவற்றுக்குமாகக் கட்டியது. எந்த நாள் போனாலும் கிரிக்கெட்தான் நடக்கும். பந்து போடுகிறவரின் முதுகுக்கு நேரே, எல்லைக்கோட்டுக்கு வெளியில், வெள்ளைப் பலகைகளை வரிசையாக அடித்த பெரிய தட்டி ஒன்று சக்கரங்களின் மேல் நிற்கும். அதுதான் சைட் ஸ்கிரீன். அந்த வெள்ளையில் சிவப்புப் பந்து பளிச்சென்று தெரிய வேண்டும். ஆனால் பலகைகளுக்கு நடுவே கை நுழைகிற இடைவெளி.

"பந்து அந்த இடுக்குல வந்தா கண்ணுக்கே தெரியல்ல அத்தான்" என்றான் பாபு, முந்தைய நாள்.

எனக்கு அது போதும். கல்யாணத்துக்கு மாமனார் எடுத்துத் தந்த நான்கு இரட்டை வேட்டிகளையும் தூக்கிக்கொண்டு காலையிலேயே போய்விட்டேன். கூட என் நண்பன் சூசை, வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவன். வேட்டிக் கரையை உள்ளே மடித்து, ஒரு இடுக்கும் தெரியாமல் இழுத்துக் கட்டினோம்.

"காத்துல பறந்திராதே?" என்று கேட்டேன்.

"வேட்டி கிழிஞ்சாலும் கெட்டு அவிழாது மக்கா. நம்ம கெட்டாக்கும்."

அம்பயர் வந்து பார்த்தார். "வெள்ளையாத்தான இருக்கு" என்று போய்விட்டார். (அந்த இடைவெளிகள் காற்று போவதற்காகவே விடப்பட்டவை என்று பிற்பாடு எனக்கு விளக்காத ஆள் ஊரில் இல்லை.)

மாதமோ ஆடி. அஞ்சுகிராமம் பக்கத்துக் காற்றாலைகளை மூச்சுவிடாமல் சுற்ற வைக்கிற காற்று.

பாபு நாற்பத்தேழு எடுத்திருந்தான். மாமனார் கேலரியில் முன்வரிசையில். பந்து வீசுகிறவர் ஸ்டம்புக்கு மறுபக்கமாக வந்து வீச மாறினார். ஸ்கிரீனைக் கொஞ்சம் நகர்த்தும்படி அம்பயர் கையை அசைத்தார். நான் பாய்ந்து போய், சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த கல்லை உதைத்துத் தள்ளினேன். எந்தப் பக்கமும் திரும்புகிற சக்கரங்கள் அவை.

காற்று வந்தது.

நான்கு வேட்டியும் புடைத்தன. ஸ்கிரீன் ஒருமுறை முனகிவிட்டு மைதானத்துக்குள் புறப்பட்டது. பின்கட்டையைப் பிடித்தபடி நானும். நிறுத்தத்தான் பிடித்தேன், பார்த்தவர்களுக்கு நான் தள்ளிக்கொண்டு வருவதாகவே தெரிந்திருக்கிறது.

"பாய எறக்கு மக்கா, பாய எறக்கு" என்று சூசை கடலில் கத்துகிற குரலில் கத்திக்கொண்டு ஓடி வந்தான். (நாங்கள் கட்டியது பாய்மரத்துப் பாய் என்பதை அவன் காலையிலேயே சொல்லியிருக்கலாம்.)

பந்து வீச வந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு கேலரிப் பக்கம் ஓடினார். அம்பயர் தொப்பியை விட்டுவிட்டு ஓடினார். பாபு மட்டும் மட்டையை ஊன்றியபடி நின்றான். ஸ்கிரீன் எதிர்முனை ஸ்டம்புகளைச் சாய்த்துவிட்டு, பாபுவுக்கு இரண்டடி முன்னால் வந்து நின்றது.

நான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். "ஒண்ணும் படல்லியே மக்கா?"

"அங்க என்ன செய்யுதிய அத்தான்?"

எட்டுப் பேர் சேர்ந்து ஸ்கிரீனைத் திரும்பக் கொண்டுபோனார்கள். அடுத்த பந்திலேயே பாபு போல்டு. அதே நாற்பத்தேழு.

மாமனார் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"மாப்பிள, அது நான் எடுத்துத் தந்த வேட்டியா?"

"ஆமா மாமா."

"கொள்ளாம். நல்ல துணி."

ஒரு வாரம் நான் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. பிறகு பட்டியல் வந்தது. பாபுவின் பெயர் இருந்தது. "எல்லாரும் ஓடினப்பவும் ஒருத்தன் கிரீஸ விடாம நின்னான் பாத்தியளா, அவன்தான் வேணும்" என்று தேர்வாளர் சொன்னாராம். பாபு என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னான்: "தைரியமெல்லாம் இல்ல அத்தான். காலு ரெண்டும் அசையல்ல."

இப்போது அவனுக்கு ஒரு மகள். போன மாதம் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வெளியே கிளம்பினார்கள். ஆசையாக நான் கைப்பிடியைப் பிடிக்கப் போனேன். பாபு அண்ணாந்து தென்னை மரத்தைப் பார்த்தான்.

"ஓலை ஆடுது அத்தான். நீங்க பின்னால நடந்து வாங்க."