எட்டுக் கடுகும் ஒரு டாங்கி வேகனும்

தேசத்தின் எல்லையைக் காக்கும் கடைசிப் பொறுப்பு, கூடுவாஞ்சேரி அடுக்ககம் ஒன்றின் சமுதாயக்கூடத்திடம்தான் இருக்கிறது என்பதை வேதாந்தம் ஒருபோதும் வெளியே சொல்லிக்கொண்டதில்லை. உள்ளே வந்தவர்களிடம் மட்டும் சொல்வார். போர் மூண்டால் டாங்கியை எல்லைக்கு எது கொண்டுபோகும்? ரயில். ரயிலில் எது சுமக்கும்? வேகன். அந்த வேகன் இதோ தயார். முக்கால் முழ நீளம். அதன்மேல் நிற்பது, பெட்டியில் துண்டு துண்டாக வந்து, அவரே பசை போட்டு ஒட்டிய பிளாஸ்டிக் டாங்கி. பீரங்கி மட்டும் சற்றே ஆடும்.

ரயில்வேயில் முப்பத்துநான்கு ஆண்டுகள் எச்சரிக்கைப் பலகைகளுக்கு வாசகம் எழுதி ஓய்வுபெற்றவர் வேதாந்தம். அந்தக் கை சும்மா இருக்குமா? சமுதாயக்கூடத்துச் சுவரிலும் ஒன்பது பலகைகள் தொங்கின. யாரும் படித்ததில்லை.

வேகனை 'உருவாக்கியவர்' அவர்தான். பித்தளைத் தகட்டில் அப்படித்தான் பொறித்திருந்தது. அறுத்தது, ராவியது, சக்கரம் கடைந்தது, பற்றவைத்தது மட்டும் செல்வராஜ். மறைமலைநகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஃபிட்டர். ஏழு மாதமாக ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் வீட்டில் இருந்ததில்லை. வேதாந்தமும் சும்மா இருக்கவில்லை. நாற்காலியில் அமர்ந்து 'மேற்பார்வை' பார்த்தார்.

வெள்ளோட்ட நாள் வந்தது. வேகன் ஓடினால், அந்தக் கூடத்தில் இயங்கும் மாதிரி ரயில் மன்றத்தின் ஆயுட்காலத் தலைவர் பதவி வேதாந்தத்துக்கு. ஓடாவிட்டால் செயலாளர் தீனதயாளனுக்கு. தீனதயாளன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, கேசரித் தட்டோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

புது வண்டியை எலுமிச்சம்பழம் நசுக்காமல் எடுக்கலாமா? மேசைமேல் போட்டிருந்த தண்டவாளத்தில், சக்கரத்தடியில் பழத்தை வைத்துப் பார்த்தார்கள். பழம் சக்கரத்தைவிடப் பெரிது.

"சாரே, பழத்த மேல வெச்சுட்டு வேகன அடில வெக்கலாமா?" என்றார் தீனதயாளன்.

வேதாந்தம் அசரவில்லை. கால்குலேட்டரை எடுத்தார். "வேகன் நிஜத்துல முப்பத்தஞ்சுல ஒரு பங்கு. பழமும் அதே கணக்குல சின்னதாகணும். ஒரு மில்லிமீட்டர் சொச்சம்." நிமிர்ந்து மனைவிக்குக் குரல் கொடுத்தார். "பர்வதம்! ஆத்துலேர்ந்து கடுகு கொண்டா!"

"ஏன்னா, தாளிக்கவா?"

"தேசத்துக்குடீ!"

எட்டுச் சக்கரத்துக்கு எட்டுக் கடுகு. உருண்டு ஓடாமலிருக்கச் சந்தனத்தில் ஒட்டினார்.

செல்வராஜ் ஓடிவந்தார். "இன்னா சார் இது? தூசி இருந்தாலே எகிறிடும்னு ஏழு மாசமா தொடச்சிகினு கீறோம். நீங்க கடுக வெக்கிறீங்க?"

"லாரி எலுமிச்சம்பழத்த நசுக்கலையா?"

"லாரிக்கு வெயிட்டு கீது சார். இது அரைக்கிலோ தேறாது."

"டாங்கிய்யா இது! மலையே ஏறும்!"

"மலை ஏறும் சார். கடுகு ஏறாது."

தேங்காய் உடைந்தது. வேதாந்தம் பச்சைக்கொடி அசைத்துப் பொத்தானை அழுத்தினார். இஞ்சின் இழுத்தது. கடுகு நசுங்கவில்லை. வேகன் அதன்மேல் ஏறியது, யோசித்தது, தண்டவாளத்தை விட்டு இறங்கிச் சாய்ந்தது. டாங்கி மேசையிலிருந்து பாய்ந்தது. கழன்ற பீரங்கி தீனதயாளனின் கேசரியில் செங்குத்தாக நின்றது. அந்த டாங்கி தாக்கிய முதல் இலக்கு அதுதான்.

நெருக்கடியில்தான் தலைமைப் பண்பு வெளிப்படும். வேதாந்தம் மைக்கைப் பிடித்தார்.

"மாமல்லபுரத்து ரதம் ஆயிரத்து முந்நூறு வருஷமா ஓர் அங்குலம் நகரலை. அதுக்காகப் பல்லவனை யாராவது குத்தம் சொல்றோமா?"

கைதட்டல் வரவில்லை. உடனே பெருந்தன்மை வந்தது.

"இன்னொண்ணையும் இந்தச் சபையில சொல்லியாகணும். இந்த வேகனை முழுக்க முழுக்கச் செஞ்சது நான் இல்லை. நம்ம செல்வராஜ்!"

ஏழு மாதத்தில் செல்வராஜின் பெயர் மைக்கில் ஒலித்தது அதுவே முதல் முறை.

செல்வராஜ் சபையைக் கும்பிட்டார். "தேங்க்ஸ் சார்," என்றார். கேசரியிலிருந்து பீரங்கியை உருவித் துடைத்தார். அந்தப் பீரங்கியாலேயே சுவரைச் சுட்டிக் காட்டினார். ஏழாவது பலகை. தீனதயாளன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, உரக்கப் படித்தார்.

'தண்டவாளத்தின் மீது எப்பொருளையும் வைத்தல் கூடாது. மீறுவோர் மன்றத்திலிருந்து நீக்கப்படுவர்.'

கீழே வேதாந்தத்தின் கையெழுத்து இருந்தது, தேதியோடு.