ஏறுகோட்டையில் அமைச்சர் பங்கு வாங்கியவன்

ஏறுகோட்டை என்றொரு நாடு. அங்கே அமைச்சர்களைப் பங்கு போட்டுச் சந்தையில் விற்பார்கள். அமைச்சரின் செல்வாக்கு ஏறினால் பங்கின் விலையும் ஏறும். அந்த நாட்டில் எனக்கு இரண்டு வயலும், பெரிய அறிவாளி என்ற நினைப்பும் இருந்தன.

முதல் அரசாணை வந்தது: "ஏறுகிற பங்கையே குடிமக்கள் வாங்க வேண்டும். ஏறுவது மேலும் ஏறும்." ஏரி அமைச்சரின் பங்கு எகிறிக்கொண்டிருந்தது. ஊரே வாங்கி முடித்த பிறகு நானும் மேல் வயலை விற்று வாங்கினேன். மறுவாரம் ஏரி உடைந்தது. பங்குப் பத்திரம் அடுப்பெரிக்க உதவியது.

உடனே இரண்டாவது ஆணை: "ஊர் ஒதுக்கியதை வாங்குவதே தேசபக்தி. விழுந்தது எழுந்தே தீரும்." களஞ்சிய அமைச்சரின் பங்கு அப்போது அதலபாதாளத்தில் கிடந்தது. கீழ் வயலையும் விற்கக் கிளம்பினேன்.

"விழுந்தது எழும்னு யாரு சொன்னா? நம்ம மாட்டுக்கொட்டாய் விழுந்து நாலு மாசமாச்சு, எழுந்துச்சா?" என்றாள் என் மனைவி செண்பகவடிவு.

"உனக்குச் சந்தை நுணுக்கம் புரியாதுடி" என்று சொல்லிவிட்டு வயலை விற்று வாங்கினேன். களஞ்சிய அமைச்சர் சிறைக்குப் போனார். அதலபாதாளத்துக்குக் கீழேயும் இடம் உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் உலை வைக்க அரிசியில்லை. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

தலைமை அமைச்சர் திருவெண்காடர் ஆளனுப்பினார். அரண்மனைக்குப் போய் அவர் முன்னால் நின்றேன்.

"நீர் வாங்குவதை அரண்மனை அன்றே விற்றுவிடும். நீர் விற்பதை அரண்மனை வாங்கிக்கொள்ளும். இதுவரை பிசகியதில்லை. உமது வயல்களும் எம்மிடமே உள்ளன" என்றார்.

கூனிக் குறுக வேண்டிய நான் கொஞ்சம் பூரித்துப்போனேன். "வயலத் திருப்பிக் குடுங்கய்யா, புள்ளைங்க பட்டினி கெடக்குதுங்க" என்றேன்.

"தருவோம். மன்னரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் வருகிறதே, உமது ஆதரவு யாருக்கு?"

நல்ல பெயர் வாங்க இதைவிட வாய்ப்பு ஏது? "நம்ம மகாராஜாவுக்குத்தான்! இன்னும் அம்பது வருஷம் அவருதான் ஆளுவாரு!"

திருவெண்காடரின் முகம் வெளிறிவிட்டது. மாலைக்குள் அமைச்சர்கள் அத்தனை பேரும் மன்னரைக் கைகழுவினார்கள். தேர்தலில் திருவெண்காடரே மன்னரானார்.

முடிசூட்டு விழாவில் ஊரே வாழ்க கோஷம் போட்டது. நானும் வாயைத் திறந்தேன். புது மன்னர் சிம்மாசனத்திலிருந்து ஓடிவந்து என் வாயைப் பொத்தினார்.

"இரண்டு வயலையும் எடுத்துக்கொள்ளும்! இனி வாயே திறப்பதில்லை என்று எழுதிக் கொடும், போதும்!"

எழுதிக் கொடுத்தேன். வாழ்க்கையில் நான் லாபம் பார்த்த ஒரே வியாபாரம் அதுதான்.

அடுத்த மாதமே விளைச்சலில் முக்கால் பங்கு வரி என்று ஆணை வந்தது. யாராவது எதிர்த்துக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். ஊரில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. அப்போதுதான் புரிந்தது, எழுதிக் கொடுத்தவன் நான் மட்டும் இல்லை.