நாலு சிவப்பு சுவிட்சு

"இனிமே இந்த வீட்டுல சுவிட்சு விசயத்துல நான் சொல்றதுதான் முடிவு!"

லூனாஸ் ஊரில் எங்கள் வீட்டு ஹாலில் நின்று இப்படித்தான் முழங்கினேன். என் மனைவி உமாராணி தலையைத் தூக்கவில்லை.

"ஃபேன் சுவிட்சா, லைட் சுவிட்சா?"

"கீபோர்டு சுவிட்சு!"

"அதுவா? அது என்னோட டிபார்ட்மெண்ட்," என்றாள்.

எனக்குக் காது வழியாகப் புகை வந்தது. கேளுங்கள் நியாயத்தை. வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். பகலில் அவள் கல்யாணக் கார்டும் கோயில் நோட்டீசும் அடிப்பாள். நான் கிலாங்கில், அதாவது ஃபேக்டரியில், நாள் முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் வந்து தாள விளையாட்டு ஆடுவேன். பாட்டு ஓடும். மேலிருந்து அம்பு அம்பாக விழும். உருமி அடி விழுகிற அந்த நொடியில் சரியான கீயைத் தட்ட வேண்டும். மொத்தமே நாலு கீதான். ஆனால் அந்த நாலில் என் மானம் இருக்கிறது.

ஏனென்றால், எங்கள் லைனில் வேலை செய்கிற தயாளன் கேன்டீனில் எல்லார் முன்னாலும் சவால் விட்டிருந்தான். "சனிக்கிழமை ஆன்லைன்ல வாங்க அண்ணே. தோத்தீங்கன்னா அன்னையிலேருந்து நீங்க அண்ணன் இல்ல, தாத்தா!"

தாத்தா! எனக்கு மீசையில் இருக்கும் நரை எல்லாம் கோபத்தில் வந்தது. வயசில் வந்ததல்ல.

இந்த நேரம் பார்த்துப் பழைய கீபோர்டு மைலோ குடித்துச் செத்தது. புதுசு வாங்கக் கூலிம் போனோம். கடைக்காரர் கீக்கு அடியில் இருக்கும் சுவிட்சை நிறம் நிறமாக அழுத்திப் பார்க்கக் கொடுத்தார். ரெட்டு சுவிட்சில் விரல் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. பாதி அழுத்தினாலே போதும். புளூ அப்படியில்லை. ஒவ்வொரு அடிக்கும் 'டக்' என்று கத்தும். நன்றாக மேலே ஏறி வந்தால்தான் அடுத்த அடியை வாங்கிக்கொள்ளும். வேகமாக அடிக்கிறவனுக்கு அது எமன்.

"ரெட்டு," என்றேன்.

"புளூ," என்றாள். "ரெட்டுல விரல் பட்டாலே எழுத்து விழுது. 'திருமணம்' அடிச்சா 'திருமணணம்'னு வரும். பொண்ணு வீட்டுக்காரங்க யார ஏசுவாங்க? உங்களையா, என்னையா?"

"ரெண்டுக்கும் நடுவுல பிரவுன் இருக்கு," என்றார் கடைக்காரர்.

"வேணாம்!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினோம். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

புளூ வாங்கினோம். அதாவது, அவள் வாங்கினாள், நான் தூக்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் டக் டக் டக். தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை. விளையாட உட்கார்ந்தால் நான் இரண்டு தட்டினால் ஒன்றுதான் விழுகிறது. ஆத்திரத்தில் மேசையைக் குத்தினேன். கைதான் வீங்கியது.

அப்போதுதான் பெட்டிக்குள் ஒரு சின்ன இடுக்கி இருப்பதைப் பார்த்தேன். பல்லைப் பிடுங்குகிற மாதிரி இந்தக் கீபோர்டில் சுவிட்சைப் பிடுங்கி மாற்றலாமாம்! உமா புக்கிட் செலம்பாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்த அன்று, நாலே நாலு ரெட்டு சுவிட்சு வாங்கி வந்து மாட்டினேன். என் விளையாட்டுக்கு வேண்டிய டி, எஃப், ஜே, கே மட்டும். மேலே மூடியை வைத்துவிட்டால் பிரம்மாவுக்கும் தெரியாது.

தமிழில் அடிக்கும்போது அந்தக் கீகளில்தான் உ, புள்ளி, ப, ம உட்கார்ந்திருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை அவள் தட்டுவது கேட்டது. டக்... ஒன்றுமில்லை... ஒன்றுமில்லை... டக்.

"என்னங்க, 'அம்மா'ன்னு அடிச்சா 'ம' சத்தமே போடல. 'அப்பா'வும் பாதி ஊமை."

"எந்த வீட்டுல அப்பா வாயத் தொறந்திருக்காரு?"

"நீங்க கை வச்சீங்களா?"

"சாமி சத்தியமா இல்லலா!"

"சரி," என்றாள். அவ்வளவுதான். அந்தச் 'சரி'க்கு நான் பயந்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்துக் கிலாங்கில் தயாளன் ஓடி வந்தான். "அண்ணே! நேத்து சாயங்காலம் என்னா அடி! ஒரு அம்புகூட விடலயே! உங்க பேரு என் பேரு மேல ஏறி உக்காந்திருக்கு!"

நேற்று சாயங்காலம் நான் ஓவர்டைமில் இருந்தேன்.

மோட்டார் சைக்கிளை வீட்டு வாசலில் சாய்த்துப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தேன். உமா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என் விளையாட்ட யாரு ஆடினது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"எந்தெந்தக் கீ ஊமையாச்சுன்னு பாத்தேன். நாலு. இந்த நாலும் யாருக்கு வேணும்னு யோசிச்சேன். உங்க விளையாட்டத் தொறந்து பாத்தா, அதே நாலத்தான் கேக்குது. சரின்னு ஒரு பாட்டு போட்டுப் பாத்தேன். ரெட்டு நல்லாத்தாங்க ஓடுது."

"ஒரு வருசமா உயிரக் குடுத்து ஆடுறேன்! எனக்கு வராதது உனக்கு ஒரே பாட்டுல வந்துடுச்சா?"

"நாள் முழுக்கத் தட்டுற கைங்க இது. சாமி சத்தியம்னீங்களே, அது எந்தச் சாமி?"

ரத்தம் தலைக்கு ஏறியது. அவளே இறங்கி வந்தாள்.

"எதுக்குச் சண்ட? முழுக்க ரெட்டாவே மாத்திக்குங்க. ஆனா ரெட்டுல அடிச்சா எனக்குப் பிழை வரும். அதனால கார்டு, நோட்டீசு எல்லாம் இனிமே நீங்க அடிங்க. அடிச்சு முடிச்சிட்டு எவ்வளவு வேணும்னாலும் ஆடுங்க. போலே? சம்மதமா?"

"போலே!" என்று குதித்தேன். ஜெயித்துவிட்டேன் என்றல்லவா நினைத்தேன்!

சனிக்கிழமை. கீபோர்டு முழுக்க ரெட்டு. பாலிங் ஊரில் ஒரு பெண் வீட்டுக்காரர் கார்டு கேட்டிருந்தார். சாயங்காலமே அடிக்க உட்கார்ந்தேன். என் விரலுக்குத் தெரிந்தது நாலே கீ. 'ங' எங்கே இருக்கிறது என்று தேடியே கழுத்து வலித்தது. கண்டுபிடித்துத் தொட்டால் 'ஙஙங' என்று விழுந்தது. கீபோர்டைத் தூக்கி வாசலில் எறியலாம் போல இருந்தது.

போன் அடித்தது. "என்னாண்ணே, ஆளக் காணோம்? பயந்துட்டீங்களா, தாத்தா?"

"உமா! ஒரே ஒரு ஆட்டம்!"

"கார்டு முடியாம ஆட்டம் கெடையாது. நீங்கதானே போலேன்னீங்க?"

"அவன் இப்பவே தாத்தாங்கிறான்டி!"

"தள்ளுங்க," என்றாள்.

உட்கார்ந்தாள். அம்பு மழையாகக் கொட்டியது. அவள் விரல் நாலும் சத்தமே இல்லாமல் பறந்தன. பாட்டு முடிந்ததும் மறுபடியும் போன் அடித்தது.

"அண்ணே, தோத்துட்டேன். நீங்க மனுசனே இல்லண்ணே, புலி!"

"யாருகிட்ட!" என்று கர்ஜித்துப் போனை வைத்தேன்.

உமா எழுந்து நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

"புலி, வந்து உக்காருங்க. இன்னும் 'நிகழும் மங்களகரமான'வே முடியல."