காலக்கட்டு சாமியாரும் சதுரங்கக் கடிகாரமும்

எண்பத்து நாலில் திண்டிவனம் பஸ் நிலையத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரத்தைவிடச் சாமியார் வியாபாரம் அமோகமாக நடந்தது. பெயர் காலக்கட்டு சாமியார். யாருடைய கைக்கடிகாரத்தையும் வாங்கி, உள்ளங்கையில் மூடி, 'நில்' என்பார். நின்றுவிடும். உடனே கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பரீட்சைக்குப் போகிறவன், வயசாவதைத் தள்ளிப்போட நினைக்கும் பண்ணையார், எல்லாரும் வரிசையில் நின்றார்கள். காலத்தையே கட்டுகிறவர் தம் தாடி நரைப்பதை ஏன் கட்டவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

தாண்டவராயனும் நின்றார். சதுரங்கத்தில் புலி, ஆனால் யோசித்து யோசித்தே நேரம் தீர்ந்து தோற்கிற புலி. ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் இறுதி ஆட்டம். ஜெயித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலை. தோற்றால் மறுபடி மாமனார் வீட்டுச் சோறு.

சாமியார் ஒரு சிவப்புக் கயிறு கொடுத்தார். "இத்த உன் கடிகாரத்துல கட்டிடு. முள்ளு ஓடற மாதிரிதான் தெரியும். அது மாயை. நீ கண்டுக்காத."

ஞாயிறன்று எதிரில் உட்கார்ந்தவர் பள்ளி அறிவியல் ஆசிரியை செண்பகம். ஆளுக்கொரு கடிகாரம், நேரம் தீர்ந்தால் அதிலுள்ள சின்னக் கொடி விழும், ஆட்டம் அம்பேல். தாண்டவராயன் தம்முடையதில் சிவப்புக் கயிற்றைக் கட்டியிருந்தார். சீக்கிரமே செண்பகத்தின் ராணியை வெட்டிவிட்டார். இன்னும் இரண்டே நகர்த்தலில் ராஜாவும் காலி. கையில் ஐந்து நிமிஷம் இருந்தது. கயிற்றை நம்பிய மகானுபாவர் டீ வரவழைத்து ஊதி ஊதிக் குடித்தார்.

"சார், உங்க டைம் ஓடிக்கினு இருக்குது," என்றார் செண்பகம்.

"ஓடற மாதிரி தெரியுதும்மா. அவ்ளோதான்."

கொடி விழுந்தது. "செண்பகம் ஜெயிச்சிட்டாங்க," என்றார் நடுவர் கிருஷ்ணசாமி. தாண்டவராயனுக்குக் கைக்கு வந்த வேலை போயிற்று.

வெற்றிக்கு மாலை வாங்க வந்திருந்த சாமியார் அசரவில்லை. "கயித்து மேல தப்பில்ல. நடுவுல டீ குடிச்ச பாரு, தீட்டாயிடுச்சி." சொல்லிவிட்டு நடுவரின் கைக்கடிகாரத்தை வாங்கி மோதிரக் கையில் மூடி, 'நில்' என்றார். நின்றது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. தாண்டவராயனும்தான். பட்டும் புத்தி வரவில்லை மனுஷனுக்கு.

செண்பகம் எழுந்தார். "சாமி, அந்த மோதிரத்தக் கழட்டி வச்சிட்டு இன்னொரு வாட்டி நிறுத்துங்க."

"குருநாதர் குடுத்ததும்மா. கழட்டினா ஊரே எரிஞ்சிடும்."

"அப்ப வேணாம். கைய மட்டும் நீட்டுங்க."

கொண்டை ஊசி ஒன்றை உருவி மோதிரத்தருகே கொண்டுபோனார். டக்கென்று தாவி ஒட்டிக்கொண்டது. இரண்டாவதும் ஒட்டியது. நான்காவது ஊசியில் செண்பகத்தின் கொண்டை அவிழ்ந்தது. சாமியாரின் விரலில் முள்ளம்பன்றி முளைத்திருந்தது.

"அட, காந்தம்பா! அதான் கடிகாரம் நிக்கிது," என்றார் நடுவர். நாலு பேர் பிடித்து மோதிரத்தைக் கழற்றினார்கள். செண்பகம் தம் கடிகாரத்தைக் கொடுத்தார். சாமியார் தொண்டை கிழிய 'நில்' என்று கத்தியும் அது பாட்டுக்கு ஓடியது. ஊரும் எரியவில்லை.

"அப்ப, என் அஞ்சு நிமிஷம்?" என்றார் தாண்டவராயன், அழாத குறையாக.

"ஆட்டத்தப் பத்தி அவ்ளோ யோசிச்சீங்களே சார். கயித்தப் பத்தி அஞ்சு நிமிஷம் யோசிச்சிருக்கலாம்."

தாண்டவராயன் கயிற்றை அவிழ்த்து எறிந்தார். கூட்டத்திலிருந்து ஒருவர் மட்டும் பயபக்தியோடு செண்பகத்தை நெருங்கினார். "அம்மா, அந்த ஊசிக்கு என்னா மந்திரம் சொன்னீங்க?"

தலையை அடுத்தவனுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் பெரியோர்களே, அவனைக் காலி பண்ணச் சொல்லிவிட்டு ஒரு நாளாவது நீங்களே உள்ளே குடியிருந்து பாருங்கள். இடம் தாராளமாகத்தான் இருக்கும்.